ஒன்பதாம் பக்கத்துக் குருவி

குழந்தைகளுக்கான படக்கதைக்குப் படம் வரைகிறவளுக்குக் குருவி என்றாலே தலைவலி. பென்சில் சீவுவதற்குள் பறந்துவிடும். அப்படியிருக்க, பால்கனியில் அவள் வைத்த தானியத் தட்டின் ஓரத்தில், உடம்பை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. கிட்டே போனாள், பறக்கவில்லை. கையில் எடுத்தாள், அப்போதும் பறக்கவில்லை. அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஏன் பறக்கவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம், மக்கு.

கதையின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு சிறுமி குருவியைக் கையில் ஏந்த வேண்டும். நான்கு வயது மகளைக் கூப்பிட்டாள். குருவியை அவள் உள்ளங்கையில் வைத்து ஜன்னலோரம் உட்காரவைத்தாள். ஒன்றரை மணி நேரம். வாலு என்று வீடே பேர் வைத்திருந்தவள் அன்றைக்கு ஆடாமல் அசங்காமல் இருந்தாள். கை வலித்தால் குருவியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். காலியான கையின் கட்டைவிரல் உடனே வாய்க்குள் போயிற்று. அம்மா அதைப் பார்த்தாள். படம் கெட்டுவிடுமே என்று ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் அவள் தம்பி வந்தான். செத்த காட்டுப் பறவைகளை அறுத்து நோயைக் கண்டுபிடிக்கும் ஆய்வகத்தில் அவனுக்கு வேலை. அக்கா மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவன், மேஜையில் இருந்த படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அக்கா, இந்தக் குருவி எங்க கிடைச்சுது?"

"நம்ம பால்கனிலதான். எவ்வளவு சமத்தா உட்கார்ந்துச்சு தெரியுமா?"

"சமத்தா? சாகக் கிடந்திருக்குக்கா. இந்த மாசம் மட்டும் இப்படி உப்பிப்போனது நாப்பது எங்ககிட்ட வந்திருக்கு. எல்லாத்துலயும் சால்மொனெல்லா கிருமி. கழுவாத தீனித் தட்டுல எச்சம் விழுந்து பரவுது. பாப்பா இதைத் தொட்டாளா?"

அடுத்த அறையில் கணவர் இருந்தார். குழந்தையை உன் வேலைக்கு இழுக்காதே என்று ஏற்கெனவே இரண்டு முறை சண்டை போட்டவர்.

"இல்லையே," என்றாள். "நான் தள்ளி நின்னு வரைஞ்சேன். படத்துல இருக்கற கையை மனசுலேர்ந்து போட்டேன்."

"அப்பாடா. அப்ப சாப்பாட்டுக் கோளாறாத்தான் இருக்கும்," என்றான் தம்பி. அக்கா பேச்சை அவன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அவளும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, எல்லாம் சரியாகிவிடும் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள். அறைந்தாலும் தகும்.

மறுநாள் மதியம் கூப்பிட்டும் குழந்தை கண் திறக்கவில்லை. அவளும் கணவரும் இரவு அங்கேயே தங்கிவிட்ட தம்பியுமாக அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸ் மூன்று இடத்தில் குத்தினாள். குழந்தை அழக்கூட இல்லை.

"கோழி, பறவை ஏதாவது தொட்டாளா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க," என்றார் கணவர். "மச்சான் நேத்தே கேட்டான். தொடலை."

அவள் கணவரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இனி மறைத்தால் பெற்றவள் இல்லை.

"தொட்டா. நான்தான் கையில குடுத்தேன். ஒன்றரை மணி நேரம் வெச்சிருந்தா. விரலை வாயிலயும் வெச்சா."

டாக்டர் திட்டவில்லை. மருந்தை மாற்றச் சொல்லி நர்ஸை விரட்டினார். பிறகு, "கிருமி ரத்தத்துல கலந்திருக்கும்னு நினைக்கிறேன். ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது," என்றார்.

கணவர் அவளைப் பார்க்கவே இல்லை. தம்பிதான் பார்த்தான்.

"நேத்து கேட்டேனேக்கா," என்றான்.