படியோடு சேர்த்து 1.618

எங்கள் கல்லூரி நூலக முகப்பின் அகலம் பதினேழு மீட்டர் நாற்பது. உயரம் பத்து. வகுத்தால் 1.74 வரும். தங்க விகிதமோ 1.618. சங்கையும் சூரியகாந்தியையும் அதில் அடக்கி ஆய்வேட்டில் பதினெட்டுப் பக்கம் எழுதியாகிவிட்டது. இந்த நேரத்தில் நூலகம் முரண்டு பிடித்தால் எப்படி? வாசலில் ஐந்து படி, படிக்குப் பதினைந்து சென்டிமீட்டர். அதையும் உயரத்தில் சேர்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

யோசனை என்னுடையதல்ல. ஒரு புத்தகத்திலிருந்து சுட்டது. எழுதியவர்தான் இன்று வெளித்தேர்வாளர்.

"எழுதினதெல்லாம் இருக்கட்டும், அளந்து காட்டு," என்றார் துறைத்தலைவர் மேடம். "அளவு பொய்யா இருந்தா ஒரு வருஷம் காலி."

அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தாள்: "இந்தத் தடவையும் கோட்டை விட்டே, வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே."

மேடம் என் வகுப்புத் தோழன் ஓணானைக் கூட்டிக்கொண்டு பின்பக்கமாக மொட்டைமாடிக்குப் போனார். மேலிருந்து டேப் இறங்கியது. முனையைப் பிடிக்கக் குனிந்தவன் அப்படியே நின்றேன். விடுமுறையில் முற்றத்தை உயர்த்திக் கல் பதித்திருக்கிறார்கள். படி மூன்றுதான் இருந்தது. நூலகத்துக்கு நான் வந்து கொஞ்ச நாளாகிறது.

கீழே என்னோடு நின்ற தேர்வாளரும் எண்ணிவிட்டார். முகம் வெளுத்தது; என் ஏடு பொய்யானால் அவர் புத்தகமும் பொய்.

"தம்பி, ரெண்டு குறையுதே."

"முப்பது சென்டி சார்."

"டேய், சீக்கிரம் பிடிடா! மண்டை காயுது!" மேலிருந்து ஓணான்.

படியோரம் மூடி உடைந்த சாக்கடை. தேர்வாளர் தன் பேனாவை அதற்குள் விட்டுக் காட்டினார். "இது பதினஞ்சு. ரெண்டு பேனா ஆழம் விடு."

"சாக்கடை சார்."

"எனக்கும் மூக்கு இருக்கு. விடு."

முழங்கை வரை விட்டேன்.

"பத்து எழுபத்தஞ்சு," என்றார் மேடம். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

முன்வாசல் வழியாக வந்தவர் கடைசிப் படியில் நின்றார். "ஏட்டுல அஞ்சு படி. இங்க மூணுதானே இருக்கு?"

"மீதி ரெண்டும் கல்லுக்கு அடியில மேடம்." அன்று நான் சொன்ன முதல் உண்மை.

"கை ஏன் நாறுது?"

"அஸ்திவாரம் வரைக்கும் அளந்துட்டாரு," என்றார் தேர்வாளர்.

"படியையும் சேர்க்கச் சொன்னது யாரு?"

"ஒரு புத்தகம் மேடம். பேர்தான் சட்டுனு வரல."

"பின்னாடி பட்டியல் இருக்கும்ல," என்று ஏட்டைப் புரட்டினார். விரல் முதல் பெயரில் இறங்கியது. தேர்வாளரின் பெயர் ஏழாவது.

தேர்வாளர் மதிப்பெண் தாளை முழங்காலில் வைத்து எழுதப் போனார். சாக்கடையில் குளித்த பேனா எழுத மறுத்தது. உதறினார். விரல் நான்கைத் தாண்டியது. நாறும் கையாலேயே என் பேனாவை நீட்டினேன். ஐந்து. ஆறு.

"சார், இது நீங்கதானே?"

'தேர்ச்சி'க்குக் கீழே போட்ட கையெழுத்தை ஊதிக் காயவைத்தபடி அவர் சொன்னார்: "ஆமா மேடம். சின்ன வயசுல எழுதினது."