பேடாவா, பர்ஃபியா?

"கேக்குதாடி? குதிரை மாதிரி என்னா ஓட்டம் ஓடுது! இதுவும் பொட்டதான்."

மந்தாவின் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டையிலிருந்து ஒயர் மெஷினுக்குப் போனது. மெஷின் குழந்தையின் இதயத்துடிப்பைத் தடதடவென்று அறை முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்தது. மாமியார் துருபதாபாய் ஸ்டூலில் உட்கார்ந்தபடி முகத்தைச் சுளித்தாள். வேகமாக அடித்தால் பெண், மெதுவாக அடித்தால் ஆண். சோலாப்பூர்ப் பக்கம் அந்தத் தாலுகாவில் வயிறு தள்ளிய எல்லோருக்கும் சொல்லப்படும் சாஸ்திரம்.

நர்ஸ் நிர்மலா சிரித்துவிட்டாள்.

"பெரிம்மா, பையனோ பொண்ணோ, எல்லாக் கொழந்தைக்கும் இப்படித்தான் வேகமா அடிக்கும். அடிச்சாத்தான் நல்லது. பக்கத்து ரூம்ல ஒருத்திக்குத் தலை வந்துடுச்சு, டூட்டில நான் ஒருத்திதான். இந்த மெஷின்ல அலாரம் வேற ரிப்பேரு. துடிப்பு மெதுவாச்சுன்னா உடனே ஒரு குரல் குடுங்க, என்ன?"

"சரி, சரி, நீ போ."

மந்தாவுக்கு அந்தத் தடதடப்பு பிடித்திருந்தது. வலிக்கு நடுவே அதைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அந்த ஊரில் பிரசவமானால் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை. பேடாவா, பர்ஃபியா என்றுதான் கேட்பார்கள். பையன் பிறந்தால் தெருவுக்கெல்லாம் இனிப்பாகப் பேடா கொடுப்பார்கள், பெண்ணுக்குப் பர்ஃபி. மூத்தவள் சோனாலி பிறந்தபோது துருபதாபாய் பர்ஃபிகூட வாங்கவில்லை. கேட்டவர்களிடம், "கடை மூடியிருந்துச்சு" என்றுவிட்டாள்.

அடுத்த வலி வந்தது. ஓடிக்கொண்டிருந்த குதிரை நடக்க ஆரம்பித்தது. தட்... தட்... வலி போன பிறகும் அது ஓடவில்லை.

துருபதாபாய் எழுந்து மெஷினிடம் காதைக் கொண்டுபோனாள். முகம் மலர்ந்துவிட்டது.

"விட்டலா, பாண்டுரங்கா! மந்தா, கேளுடி! பையன்டி!"

"அத்தே, சிஸ்டரக் கூப்பிடுங்க."

"இருடி, அவ வந்து கண்ணு வைக்கணுமா?"

கதவைத் திறந்து வராந்தாவில் நின்ற மகனைத்தான் கூப்பிட்டாள்.

"டேய் தானாஜி! பேடா வாங்கிட்டு வாடா! நல்ல பால்பேடாவா!"

"டாக்டர் சொன்னாராம்மா?"

"மெஷினே சொல்லுதுடா!"

மந்தா கத்தினாள். "சிஸ்டர்! சிஸ்டர்!" அந்த வராந்தாவில் எல்லாப் பெண்களும் கத்துகிறவர்கள்தான். யாரும் திரும்பவில்லை. துருபதாபாய் அவள் நெற்றியை வருடினாள், கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல்முறையாக.

"பையனப் பெக்கறவ அழக் கூடாதுடி ராசாத்தி."

நிர்மலா திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எப்போலேருந்து இப்படி?"

"அப்பவே மாறிடுச்சு சிஸ்டர். நல்ல சேதிதானே?"

நிர்மலா டாக்டரைக் கூவிக்கொண்டே ஓடினாள்.

ஆயுதம் போட்டு எடுத்தார்கள். கழுத்தில் கொடி இறுக்கமாகச் சுற்றியிருந்தது. நெஞ்சை அழுத்தினார்கள், காற்று ஊதினார்கள். அழவேயில்லை. பெண்.

துருபதாபாய் மந்தாவின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு மெல்ல, "போகட்டும் விடு. பொண்ணுதானே" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அவளுக்கும் ஒரு காலத்தில் யாரோ இதே வார்த்தையைத்தான் ஆறுதலென்று சொல்லியிருந்தார்கள்.

தானாஜி வாசலில் நின்றான். கையில் நூல் கட்டிய அட்டைப்பெட்டி. அம்மா அவன் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள்.

"கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவானான்னு கேளுடா."

"கேளுங்க" என்றாள் மந்தா. துணியில் சுற்றிய குழந்தை அவள் நெஞ்சில் இருந்தது. "திருப்பிக் குடுத்துட்டு பர்ஃபி வாங்கிட்டு வாங்க."

"கிறுக்கு புடிச்சிடுச்சாடி? செத்ததுக்குப் போயி யாராச்சும்..."

"பொறந்திருக்கா அத்தே. குதிரை மாதிரி ஓடினா. நீங்கதானே சொன்னீங்க?"

மந்தா புருஷனைப் பார்த்தாள்.

"சோனாலிக்கும் சேத்து வாங்குங்க. தெரு முழுக்கக் குடுக்கணும். கடை தொறந்துதான் இருக்கு. இப்பத்தானே பேடா வாங்கிட்டு வந்தீங்க."