ஆறரை

பயிற்சி மருத்துவன் என்னைத் தைத்துக்கொண்டிருந்தான். நூலை இழுக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டான். தைக்கத் தெரியாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பதினோரு வருடமாகத் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருப்பவள் நான். எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரே இடத்தில் மூன்று முறை குத்தினான்.

“மரத்திருக்கணுமே,” என்றான்.

“மரக்கல டாக்டர்.”

“பாப்பாவ வெச்சுடலாம். வலி தெரியாது.”

சிஸ்டர் பிள்ளையைத் துணியில்லாமல் என் வெறும் மார்பில் குப்புறப் படுக்கவைத்துப் போர்வையால் மூடினாள். இது அவனுடைய ஆராய்ச்சி. பெற்றவள் மார்பில் பிள்ளை கிடந்தால் வலி குறைகிறது என்று அவன் கண்டுபிடிக்கப்போகிறானாம். பூனைகள் யாரைக் கேட்டுக்கொண்டு குட்டிகளை அணைத்துப் படுக்கின்றனவோ.

தைத்து முடித்துக் கையைக் கழுவிவிட்டுத் தாளோடு கிளம்பினான். அறையில் மூன்று கட்டில்கள், மூன்றிலும் மார்பில் பிள்ளையோடு பெற்றவர்கள். நடுவில் நான்.

“பத்துக்கு எத்தனைம்மா வலி?”

“ரெண்டு,” என்றாள் இடப்பக்கக் கட்டில்காரி, பரீட்சையில் தேறியவள் மாதிரி.

“பாத்தீங்களா சிஸ்டர். வலி போயிடுச்சு. பாப்பாவத் தொட்டில்ல போட்டுடுங்க.”

வலப்பக்கக் கட்டில்காரி ஒன்பது என்றாள். அவன் முகம் சுருங்கியது. “குறையவே இல்லயா? அப்பறம் வெச்சு என்ன பிரயோஜனம். எடுத்துட்டு ஊசி போடுங்க.”

இரண்டு பிள்ளைகளும் கண்ணாடித் தொட்டில்களில் கிடந்து கத்தின. அவன் எழுதிக்கொண்டிருந்தான்.

வாசலில் என் மாமியார், கையில் பவுடர் டப்பா. “இன்னும் எவ்வளவு நேரம் சிஸ்டர்? அவ காலம் பூரா வெச்சுக்கத்தான போறா. நாங்க பாக்க வேணாமா?” பின்னால் என் கணவர் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தார். பத்து மாதத்தில் அவ்வளவு கவனமாக அவர் எதையும் பிடித்து நான் பார்த்ததில்லை.

பிள்ளை மேலே வந்த கொஞ்ச நேரத்திலேயே வலி பக்கத்து வீட்டுச் சண்டை போலாகிவிட்டது. காதில் விழுந்தது, என்னுடையதில்லை. அதை இவனிடம் சொல்ல எனக்கு மனமில்லை.

“உங்களுக்கும்மா?”

“எட்டு.”

“மொதல்ல?”

“பத்து. குறையுது டாக்டர். மெதுவா.”

அவன் முகம் மலர்ந்தது. “கால் மணி நேரத்துல வர்றேன். சிஸ்டர், இவங்க பாப்பாவ எடுக்காதீங்க.”

தைக்கவே தொடங்காத ஜாக்கெட்டுக்கு, காஜா மட்டும்தான் பாக்கி என்று வாடிக்கையாளர்களை எத்தனை முறை அனுப்பியிருக்கிறேன். அவர்களும் இப்படித்தான் சந்தோஷமாகப் போவார்கள்.

அடுத்த முறை ஏழு என்றேன். மாமியார் நாற்காலி தேடிப் போனார்.

மூன்றாம் முறை வந்தான்.

“ஆறரை.”

“அரையெல்லாம் எழுத எடமில்லம்மா.”

“அப்ப ஏழே இருக்கட்டும் டாக்டர். இன்னும் கொஞ்சம் பாக்கலாம்.”

தலையாட்டிவிட்டுப் போனான். சிஸ்டர் போகவில்லை. என்னையே பார்த்தாள்.

“என்ன வேல பாக்கறீங்க?”

“தையல்.”

அவள் வாசல் பக்கத் திரையை இழுத்துவிட்டாள். ஃபோன் மறைந்தது. போர்வைக்குள் பிள்ளை என் விலாவில் குதிகாலை ஊன்றி மிதித்தது. நிறுத்தியது. மறுபடி மிதித்தது, முதன்முதலாக மெஷினில் உட்கார்ந்தவள் பெடலில் கால் வைப்பதுபோல.