வட்டத்துக்கு வெளியே விழுந்த புள்ளிகள்

1.

இந்தக் கதை எனக்கு ஞானத்தில் உதிக்கவில்லை, ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. அவாசா ஊரில் ஆட்டுத் தடுப்பூசிக் கூடம் ஒன்றில் பதினோரு வருடமாகக் குளிர்பெட்டிகளைப் பழுதுபார்க்கிறேன். பெட்டிக்குப் பின்னால் குனிந்து கிடப்பவனை யாரும் ஆளாக மதிப்பதில்லை. அதனால் நிறையக் கேட்கலாம். எழுத உட்கார்ந்தபோதுதான் முதல் வரி வழுக்கியது; எழுதிவிட்டு அடித்ததை அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன்.

[மூன்றாவது கோப்பையைத் தொடாமலே டாக்டர் வொப்ஷெத் எழுந்து ஓடினார், ஒரு செருப்பு கழன்று— வேண்டாம். இந்த ஊரில் மூன்றாவது காப்பியை விட்டு எழுந்தால் ஆசீர்வாதத்தைத் தட்டிவிட்டது போல. அதுவும் வொப்ஷெத்தா? யார் நம்புவார்கள்?]

[ஒளி என்பது உண்மையின் தூது— சீச்சீ.]

2.

எங்கள் கூடத்தில் மெஸ்கெரெம் என்ற பெண்ணின் வேலை வைரஸ் வளர்ப்பது. பெரிய தொட்டியில் செல்கள் மிதக்கும். அவற்றில் ஆட்டுக்கொல்லி நோயின் வலுவிழந்த வைரஸை விடுவார்கள். அது செல்லுக்குள் பெருகி முற்றும் வேளை பார்த்து அறுவடை செய்ய வேண்டும். முந்தினால் வைரஸ் போதாது, பிந்தினால் அதுவே செத்துப்போகும். கூடத்தின் தலைவர் வொப்ஷெத் இருபது வருடமாக நுண்ணோக்கியில் பார்த்தே நாள் குறித்தவர். ஆனால் மிதக்கும் செல் நோய் கண்டாலும் உருண்டை, காணாவிட்டாலும் உருண்டை.

அதனால் மெஸ்கெரெம் மல்லுக்கட்டி ஒரு ஃப்ளோ சைட்டோமீட்டரை வாங்க வைத்தாள். அதில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் முன் ஓடும். நேரே சிதறும் ஒளி செல்லின் பருமனைச் சொல்லும், பக்கவாட்டில் சிதறுவது உள்ளே எவ்வளவு சொரசொரப்பு என்று சொல்லும். ஒரு செல்லுக்குத் திரையில் ஒரு புள்ளி. மெஷின் வந்த அன்று, இனி டாக்டர் கண்ணுக்கு ஓய்வுதான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். (இந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் எனக்குக் கதையே இல்லை.)

3.

வைரஸ் விட்ட மூன்றாம் நாள் காலை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே நல்ல செல்கள் கூடியிருந்த இடத்தைச் சுற்றித் திரையில் வட்டம் போட்டாள். வெளியே விழுவது குப்பை, கணக்கில் சேராது. கண்ணை உறுத்தாமல் இருக்க அதை மறைத்தும் வைத்தாள். வட்டத்துக்குள் இருந்தவை முதல் நாள் போலவே இருந்தன. வைரஸ் பிடிக்கவில்லை என்று எழுதிக்கொடுத்தாள்.

அன்று பதினோரு மணி அடித்ததும் நீராவி விட்டுத் தொட்டியைக் கொன்றுவிடும்படி கீழ்த்தளத்து ஆளுக்குச் சொல்லி அனுப்பினார் வொப்ஷெத். அடுத்த தொட்டி தயாராக ஒரு மாதம் ஆகும். தெற்கே போரனா மேய்ச்சல் வெளியில் ஆடுகள் இதே நோயில் மூக்கு ஒழுகிச் செத்துக்கொண்டிருந்தன.

(இரண்டாவது வரைவில் பழியை மெஷின்மேல் போட்டிருந்தேன். பாவம், அது வாயில்லா ஜீவன். எடுத்துவிட்டேன்.)

4.

பத்தரைக்குக் காப்பி, வழக்கம்போல மூன்று சுற்று. காப்பி போடும் அஸ்னகெச் நடைக்கூடத்தில் சடங்குப்படி புல்லைப் பரப்பி அடுப்பு வைத்திருந்தாள். இரண்டாவது சுற்று ஊற்றும்போது கடைக்காரனைத் திட்டினாள். "வறுத்தது ஒரு பிடி, சொத்தைன்னு பொறுக்கிப் போட்டது ரெண்டு பிடி. வெளங்குவானா அவன்?"

[இந்த இடத்தை இரண்டு முறை அடித்தேன். காப்பிக்கொட்டையும் செல்லும் என்று பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கிறது. நடந்தது அப்படி, நான் என்ன செய்ய?]

தான் குப்பை என்று மறைத்து வைத்தது எத்தனை பிடி என்று மெஸ்கெரெம் கோப்பையைக் கீழே வைத்தாள். ஓடிப்போய் வட்டத்தை அழித்தாள். பத்துப் புள்ளிக்கு ஏழு வெளியே கிடந்தன, ஊதிப்போய், உள்ளே மணல் மணலாக. வேறு காரணத்தால் கெட்டவையோ? வைரஸ் விடாத குடுவையிலிருந்து கொஞ்சம் எடுத்து ஓட்டினாள். அதில் எல்லாம் வட்டத்துக்குள்ளேயே நின்றன. அப்படியானால் தொட்டி முற்றிவிட்டது. அறுவடை இன்றுதான்.

நீராவி ஆள் கீழ்த்தளத்தில். கொதிகலன் இரைச்சலில் போன் எடுக்க மாட்டான். எடுத்தாலும் வொப்ஷெத் நேரில் வந்து சொன்னால்தான் கையை எடுப்பான்.

அவள் திரும்பி வந்தபோது அஸ்னகெச் மூன்றாவது சுற்றை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், நான் குப்பைன்னு தள்ளுனதுலதான் வைரஸ் இருக்கு. தப்பு என்னோடதுதான்."

"என் கண்ணுக்கு ஓய்வுன்னு சொன்னியேம்மா."

"சொன்னேன். இப்ப உங்க காலு வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. மணி பத்து ஐம்பத்தைந்து.

5.

முடிவு ஒன்று: வொப்ஷெத் கோப்பையை ஊதி ஊதிக் குடித்து, ஆசீர்வாதமும் வாங்கிக்கொண்டு, மெதுவாக இறங்குகிறார். இவளுக்கு ஒரு பாடம். முடிவு இரண்டு: மெஸ்கெரெமே ஓடி நீராவி ஆளைத் தள்ளிவிட்டுக் குழாயை மூடுகிறாள். வாசகர் கைதட்டலாம்.

இரண்டும் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. நல்லவை என்று நான் வட்டம் போட்டு வைத்தவை. ஆனால் இரண்டுமே பொய். அவளைக் கேலி செய்துவிட்டு நானும் அதையேதான் செய்திருக்கிறேன். முதல் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். யார் நம்புவார்கள் என்று அடைப்புக்குறிக்குள் தள்ளிய வரி அங்கே கிடக்கிறது. நடந்தது அதுதான். அந்த ஒற்றைச் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தவன் நான்தான்.

தொட்டி பிழைத்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். வொப்ஷெத்துக்கு வயது ஐம்பத்தெட்டு, படிகள் நாற்பது, முழங்காலில் வாதம். மீதி ஓட்டம் உங்களுடையது. மெஸ்கெரெம் அவர் பின்னாலேயே ஓடினாள். அஸ்னகெச் அவர் கோப்பையை ஒரு தட்டால் மூடி அடுப்போரம் வைத்தாள்.