கரி தேடி வந்த துரை

எண்பத்தேழாம் வருஷம், துரைக்குப் பொங்கல் வைக்கிற நாளில், ஒரு கையில் வேட்டி நுனியும் மறு கையில் பிராந்தி பாட்டிலுமாகத் தொண்டி பஸ்ஸிலிருந்து இறங்கினார் பூமிநாதன். பாட்டில் மாமியார் ஊர்ச் சாமிக்கு. சாமி ஒரு வெள்ளைக்காரர். விக்டோரியா ராணி காலத்துச் சுரங்க இன்ஜினியர் வில்லியம் ஹாஸ்கின். பஞ்சத்தில் இரக்கப்பட்டுக் கிணறு வெட்டிக் கொடுத்த புண்ணியவான் என்று ஊர் நம்பியது. சுற்றிலும் உப்புக் கரிக்கிற பூமியில் அந்த ஒரு கிணறு மட்டும் இளநீராக இருந்தால் யார்தான் கும்பிடமாட்டார்கள்? கிணற்றடிக் கல்லுக்குச் சுருட்டும் பிராந்தியும் படைப்பார்கள். சாமி குடித்த மிச்சத்தைப் பூசாரி சோணைமுத்து, பூமிநாதனின் மைத்துனன், தட்டாமல் ஏற்றுக்கொள்வான்.

பூமிநாதன் ராமநாதபுரத்தில் சரித்திர வாத்தியார். துரையின் கதையை முழுசாகத் தேடி வந்து பொங்கலன்று சொல்வதாக, சும்மா இருக்கமாட்டாமல் ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சென்னையில் பழைய ஆவணங்களைக் கிளறியபோது வேறு கதை கிடைத்தது. துரை வந்தது தண்ணீருக்கு அல்ல, நிலக்கரிக்கு. இங்கிலாந்தில் அவர் வேலை பார்த்த வெள்ளீயச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து பிழைப்பு போனது. இந்தியாவுக்கு வந்து வடக்கே தங்கம் தேடி வெறும் பாறையைக் கண்டார். இங்கே கரிக்குத் தோண்டிய குழியில் ஊற்று பீறிட்டதும் வேலை கொடுத்த சுரங்கக் கம்பெனி சீட்டைக் கிழித்து அனுப்பிவிட்டது. போதாக்குறைக்கு, மனிதர் மதுவிலக்குச் சங்கத்துக்காரர்.

இதைச் சொன்னால் ஊர்ச் சாமியை மருமகனே கவிழ்த்தான் என்றாகும். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் சாப்பிட உட்காருவது? மனைவி நாகலெட்சுமியிடம் கேட்டார்.

"பொய் சொல்லாதீங்க. பதனமாச் சொல்லுங்க" என்றாள்.

பொங்கல் பானை இறங்கியதும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்துக் கூட்டத்தின் முகத்தைப் பார்த்தார்.

சோணைமுத்துதான் முதலில் வாய் திறந்தான். "அன்னைக்குக் குடிக்காம இருந்திருக்கலாம் அத்தான். இத்தன வருசமா நாங்க குடுத்துக் குடுத்துப் பழகிருப்பாரு."

ஊரே சிரித்தது. பூமிநாதனுக்குப் போன உயிர் திரும்பியது.

மாமியார் பிச்சையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப, தோத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டா அந்த மனுசன் இங்கனருந்து போனாரு?"

"ஆமா அத்தை."

"ஊத்து வந்துச்சே மாப்ள, அந்தத் தண்ணிய ஒரு வாய் குடிச்சுப் பாத்தாராமா?"

அது எந்த ஆவணத்திலும் இல்லை. "தெரியல அத்தை" என்றார்.

அவள் எழுந்துபோய்க் கிணற்றில் வாளியை இறக்கினாள். செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கல்லின் முன்னால் வைத்தாள்.

"குடிங்கய்யா" என்றாள்.

இலை போட வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. துரை ஆற அமரக் குடித்து முடிக்கட்டும் என்று ஊர் மொத்தமும் வெயிலில் காத்திருந்தது.