சுவருக்கு அந்தப் பக்கம் ஆடிட்டர்

வாந்திக்கும் பேதிக்கும் நான் போட்ட எண் தவறு என்று சிவப்பில் வந்திருந்ததைப் பார்த்தபோது அடுப்பில் பால் வைத்திருந்தேன். பால் பொங்கி வழிந்தது. நானும்தான்.

மருத்துவமனைகளிலிருந்து வரும் நோயாளிக் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடுவது என் வேலை. மெடிக்கல் கோடிங் என்பார்கள். மகள் பிறந்ததும் விட்டுவிட்டு, அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மறுபடி சேர்ந்திருந்தேன். வீட்டிலிருந்தே வேலை. சோதனைக் காலம். இந்தத் தவறு என் கணக்கில் நின்றுவிட்டால் பயிற்சி அறைக்குத் திரும்ப வேண்டும். கல்லூரி முடித்த கையோடு வந்திருக்கும் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து இதயத்துக்கு எத்தனை அறை என்று முதலிலிருந்து படிக்க வேண்டும். வீட்டில் இருந்த வருடங்களில் என் மூளை துருப்பிடித்துவிட்டது என்று எனக்குள் ஒரு பயம் வந்து குடியேறியிருந்தது. அந்த அறைக்குப் போனால் அந்தப் பயத்துக்குப் பட்டா எழுதிக் கொடுத்தது போலாகிவிடும்.

கேஸ் இதுதான். ஒரு பெண்மணி. காய்ச்சல், உடம்பு வலி, வாந்தி, பேதி. பரிசோதனையில் இன்ஃப்ளூயன்சா உறுதி. மருத்துவர் அவ்வளவையும் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். வயிற்று உபாதையோடு வரும் இன்ஃப்ளூயன்சாவுக்கென்றே ஓர் எண் உண்டு, ஜே பத்து புள்ளி இரண்டு. அதைப் போட்டேன். நாங்கள் போடும் எண்களைச் சரிபார்க்கும் ஆடிட்டர் அதை அடித்துவிட்டு, இன்ஃப்ளூயன்சாவைத் தனியாக, வாந்தியைத் தனியாக, பேதியைத் தனியாகப் பிரித்திருந்தார். கீழே குறிப்பு: 'வயிற்று உபாதைக்குக் காரணம் வெளியில் சாப்பிட்ட உணவு. மேற்கொண்டு கவனம் தேவை.'

எங்கள் நிறுவனத்தில் எண் போடும் கோடருக்கு ஆடிட்டர் யாரென்று தெரியாது, ஆடிட்டருக்குக் கோடர் யாரென்று தெரியாது. இரண்டு பக்கமும் எண்கள்தான். ஆனால் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. 'துணி போடும் முன் பாக்கெட்டைப் பார்க்கவும். மேற்கொண்டு கவனம் தேவை.' உலகத்தில் இப்படி எழுதக்கூடிய மனிதர் ஒருவர்தான். அவரும் இதே நிறுவனத்தில்தான் ஆடிட்டர். அவரைத்தான் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் கேட்டேன். "ஏங்க, வாந்தி பேதியத் தனியாப் பிரிச்சது நீங்கதானே?"

அவர் கை தட்டிலேயே நின்றது. "அது உன்னோடதா?" முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு ஆடிட்டர் திரும்பி வந்துவிட்டார். "யாரோடதா இருந்தா என்ன? தப்பு தப்புதான்."

"சோறு திங்கிற எடத்துல பேசுற பேச்சா இது?" என்றார் அத்தை. அவர் இரண்டு பேர் பக்கமும் சாயாதவர். பெற்ற பிள்ளை என்பதற்காக ஒரு அப்பளம்கூடக் கூடுதலாக வைக்கமாட்டார்.

ஆடிட்டர் என் கணவர் என்று மேனேஜருக்கு நானே சொல்லிவிட்டேன். பிறகு தெரிந்தால் அசிங்கம். மேனேஜர் சிரித்தார். "இருக்கட்டும்மா. நாளைக்கு டீம் கால்ல ரெண்டு பேரும் பேசுங்க. எல்லாரும் கேக்கட்டும். இந்த சீசன் பூரா இதே கேஸ்தான் வரப்போகுது."

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலையணை உறை ஒன்றை எடுத்துத் தப்பாக மடித்தார்.

"பேசாம நான் வாபஸ் வாங்கிடறேன். எதுக்கு வம்பு?"

"ஏன், நான் போட்டது சரின்னு தோணுதா?"

"இல்ல."

"அப்ப வாங்காதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், அதுதான் இன்னும் எரிந்தது. அவர் விட்டுக்கொடுத்ததால் கிடைத்த நாற்காலியில் எந்த முகத்தோடு உட்காருவது?

மறுநாள் அவர் படுக்கையறையில், நான் சமையலறை மேசையில். நடுவே ஒரு சுவர். அவர் பேசுவது முதலில் சுவர் வழியாகவும், ஒரு நொடி கழித்து ஹெட்போன் வழியாகவும் கேட்டது. ஒரே புருஷனிடம் இரண்டு தடவை திட்டு வாங்கினேன். "நோயாளி முந்தின நாள் வெளிய சாப்பிட்டிருக்காங்க. காரணம் தெளிவா இருக்கு. கோடர் அதப் படிக்கல" என்றார். டீமில் யாரோ "ஆமா" என்று முனகினார்கள். எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. அதற்கு என்ன எண் என்றும் எனக்குத் தெரியும்.

மைக்கைத் திறந்தேன். குரல் முதலில் கீச்சென்றுதான் வந்தது.

"படிச்சேன் சார். அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"நர்ஸ் குறிப்புல."

"டாக்டர் குறிப்புல?"

அவர் வாயைத் திறக்கும் முன் நானே தொடர்ந்தேன்.

"நோய்க்குக் காரணத்த டாக்டர் எழுதணும். நர்ஸ் எழுதினத வெச்சு நாம முடிவு பண்ணக் கூடாது. டாக்டர் இன்ஃப்ளூயன்சான்னு எழுதியிருக்கார், வாந்தி பேதின்னு எழுதியிருக்கார், வேற காரணம் எதுவும் சொல்லல. கோட் புக்குல ரெண்டையும் சேத்தே ஒரு எண் இருக்கு. டாக்டர் மறுக்காத வரைக்கும் அதத்தான் போடணும்னு விதி. சாப்பாட்டால வந்துச்சுன்னு சொன்னது டாக்டர் இல்ல சார், நீங்க. எப்ப டாக்டருக்குப் படிச்சு முடிச்சீங்க, என்கிட்ட சொல்லவே இல்ல?"

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அப்புறம் கீபோர்டு தட்டும் சத்தம். முதலில் சுவரில், பிறகு காதில். அவர் பக்கங்களைத் திருப்பிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பார்க்காமல் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை அவர். அந்தக் குணத்துக்காகத்தான் அவரோடு சண்டை போடவும் பிடித்திருக்கிறது.

"சரிதான்" என்றது சுவர். "சரிதான்" என்றது ஹெட்போன். "கோடர் போட்டதுதான் சரி. நான்தான் நர்ஸ் குறிப்ப வெச்சு முடிவு பண்ணிட்டேன். என் தப்பு."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தவற நீக்கியாச்சு. இந்த சீசன் இன்ஃப்ளூயன்சா கேஸ்ல யாருக்கு சந்தேகம் வந்தாலும் இவங்களையே கேளுங்க. அந்தம்மாவோட வீட்டுக்காரரையும் சேத்துதான் சொல்றேன்."

மைக்கை மூட எனக்குத் தோன்றவே இல்லை. "யாருடி ஜெயிச்சா?" என்று கூடத்திலிருந்து அத்தை கேட்டது டீம் முழுக்கக் கேட்டிருக்கும். "நான் அத்தை! நான்தான்!" என்று நான் கத்தியதும் கேட்டிருக்கும். காதுக்குள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

படுக்கையறைக் கதவு திறந்தது. ஆடிட்டர் ஹெட்போனைக் கழற்றவும் மறந்து சமையலறை வாசலில் வந்து நின்றார். பிடுங்கிக்கொண்டு வந்த வயர் கூடம் நெடுகத் தரையில் கிடந்தது. தோற்றவர் முகமாகவே இல்லை. காது வரை சிரித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, அவரும் தட்டிக்கொண்டிருந்தார்.