ஏழாம் பக்கத்தின் கடைசி வரி

நோட்டில் ஏழு பக்கம்தான் எழுதியிருந்தேன். அதை இன்று அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கடைசி வரி, ‘நான் தங்கச்சி கையை விட்டேன்.’ பதினான்கு மாதமாக அம்மாவிடம் நான் மறைத்த வரி. அதைக் கேட்ட பிறகும் என்னை மகள் என்று நினைப்பாளா?

ரயில் நிலையப் படிக்கட்டில் கூட்டம் சரிந்ததில் தங்கச்சி செத்துப்போனாள். அன்றிலிருந்து எனக்குப் படிக்கட்டே ஆகாது. என் வகுப்பு இரண்டாவது மாடியில்; பள்ளிக்கூடம் நின்றது அப்படித்தான். ஆலோசகர் அக்காவின் அறை தரைத்தளத்தில் இருந்ததால்தான் வரவே சம்மதித்தேன். முதலில் மூச்சை எண்ணப் பழக்கினார். பிறகு நடந்ததைத் துண்டு துண்டாக எழுதவும், சத்தமாக வாசிக்கவும் வைத்தார். இது பன்னிரண்டாவது வாரம்.

“பயம் பத்துக்கு எத்தனை?” என்றார் அக்கா.

“ஒம்பது.”

“முதல் வாரம் பதினஞ்சுன்னு சொன்னே. கணக்குல தேறிட்டே.”

தையல்கடையிலிருந்து நேராக வந்திருந்த அம்மா சிரிக்கவில்லை. “இந்த ஊமைக்கோட்டானா இவ்வளவு எழுதுச்சு?” என்றாள், நோட்டைத் தொடாமல்.

வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் கால் மரத்தது. ஆறாம் பக்கத்தில் ஒரே வரியை இரண்டு முறை வாசித்தேன். “காலைத் தரையில நல்லா ஊனிக்கோ,” என்றார் அக்கா. ஊன்றிக்கொண்டேன்.

“நான் தங்கச்சி கையை விட்டேன்.”

அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. செருப்பைப் பார்த்தேன். அது நகர்ந்தது. எழுந்து போகிறாள் என்றே நினைத்தேன்.

“யாருடி சொன்னா, விட்டேன்னு?” என் நாற்காலி முன்னால் வந்து குத்துக்காலிட்டாள். “ஆஸ்பத்திரியில உன் தோள் மூட்டு விலகிக் கிடந்துச்சு. விட்டவளுக்கு எதுக்குடி தோள் விலகுது?”

“விழுந்ததுலம்மா...”

“விழுந்ததுல இல்ல. பெரியவ கடைசி வரைக்கும் பிடிச்சு இழுத்திருக்கான்னு டாக்டர் என்கிட்ட சொன்னார். உன் முன்னாடி தங்கச்சி பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு வாயைப் பொத்திக்கிட்டேன். பாவி நான்.”

எனக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. அக்கா மெதுவாகக் கேட்டார்: “அந்தக் கை எப்படிப் போச்சு? ஞாபகம் வந்தா சொல்லு. வரலைன்னா பரவாயில்லை.”

கண்ணை மூடினேன். நான்கு விரல். பிறகு இரண்டு. அவள் நகம் என் உள்ளங்கையைக் கீறியது.

“விடலை,” என்றேன். “பிச்சுக்கிட்டுப் போச்சு.”

எட்டாம் பக்கத்துக்குத் திருப்பினேன். பேனா பிடிக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதினாள், எழுத்துப் பிழைகளோடு.